சொல் விளக்கம்: உடனெடுப்பு நொதித்தல்

உயிரி எரிபொருள் ஆய்வுகளில் 'இன் சிட்டு பிராடக்ட் ரிமூவல்' என்ற தொடர் அடிக்கடி வரும். 'இன் சிட்டு' லத்தீன். 'சிட்டுஸ்' என்றால் இடம். நொதித்தல் முடியட்டும் என்று காத்திராமல், நடக்கும்போதே அங்கேயே விளைபொருளை எடுத்துவிடுவது என்று பொருள்.

ஏன் எடுக்க வேண்டும்? பியூட்டனால் என்ற ஆல்கஹாலைப் பார்த்தால் புரியும். கிளாஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம் என்ற பாக்டீரியா சர்க்கரையை உண்டு அசிட்டோன், பியூட்டனால், எத்தனால் மூன்றையும் ஏறத்தாழ 3:6:1 விகிதத்தில் தரும். முதல் உலகப் போரில் வேதியியலாளர் ஹைம் வைஸ்மன் இதை ஆலை அளவுக்குக் கொண்டுவந்தது வெடிமருந்துக்கான அசிட்டோனுக்காக. எரிபொருளுக்கு வேண்டியதோ பியூட்டனால். அதே அளவு எத்தனாலைவிட அதிக ஆற்றல் தரும். ஆனால் லிட்டருக்கு 12, 13 கிராம் சேர்ந்ததுமே அது பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வில் புகுந்து குலைத்துவிடும். தொட்டியில் சர்க்கரை மீதம் இருக்கும், உண்ண ஆளிருக்காது. அப்புறம் அந்தச் சொற்பப் பியூட்டனாலைக் காய்ச்சிப் பிரிக்கத் தொட்டித் தண்ணீர் முழுவதையும் சூடாக்க வேண்டும்.

எடுக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வாயுவால் எடுப்பது. நொதிக்கும்போது வெளிவரும் கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையுமே தொட்டியின் அடியில் குமிழிகளாக விடுவார்கள். அவை பியூட்டனால் ஆவியை ஏந்திக்கொண்டு மேலே வரும். குளிர்ந்த குழாயில் ஆவி துளித்துளியாகச் சொட்டும். வாயு மறுபடி அடிக்கே போகும். சொட்டியதில் பியூட்டனால் போதிய அளவு இருந்தால் அது தானாகவே இரண்டடுக்காகப் பிரியும். அறை வெப்பத்தில் தண்ணீர் ஏழெட்டு சதவீதத்துக்கு மேல் அதைக் கரைக்காது; மிச்சம் மேலே மிதக்கும். ஆவியோடு தண்ணீரும் கணிசமாக வருவதுதான் குறை. ஓலைல் ஆல்கஹால் போன்ற கரைப்பானாலும் சிலிக்கோன் சவ்வாலும்கூடப் பிரிக்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இருந்தவிட விளைபொருள் நீக்கம்' என்பது சொல்லுக்குச் சொல். இரண்டு இடத்தில் அது இடிக்கிறது. பல அமைப்புகளில் நொதிநீர் வெளியே ஒரு கலனுக்குப் போய், பியூட்டனாலை விட்டுவிட்டுத் திரும்புகிறது. அதற்கும் இதே பெயர்தான். ஆகவே இடத்தைவிட 'உடனுக்குடன்' என்பதே முக்கியம். 'நீக்கம்' வேண்டாததைத் தள்ளுவதுபோல் ஒலிக்கிறது. இங்கே எடுப்பது நமக்கு வேண்டிய பொருள். அதனால் 'உடனெடுப்பு' என்பேன். செய்முறை முழுவதும் 'உடனெடுப்பு நொதித்தல்'.

வாக்கியத்தில்: "உடனெடுப்பு செய்ததால் தொட்டியில் சர்க்கரை மிஞ்சவில்லை."