நஞ்சை உடைக்கும் நீலச் சாயம்

மே மாதத்துச் சென்னையில், மதியம் வாங்கிய பிரியாணியை வெளியிலேயே வைத்துவிட்டு ராத்திரி நன்றாகச் சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம், அப்புறம் ஏன் இப்படி வாந்தி என்று கேட்காத வீடு குறைவு. சூட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி செத்திருக்கும். ஆனால் அது சாவதற்கு முன்பே சோற்றில் கக்கி வைத்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் சுலபத்தில் அழியாது. உடம்புக்குள்ளும் இதே சிக்கல்தான், ஆன்டிபயாடிக் கிருமியைத்தான் கொல்லும், ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட நஞ்சை ஒன்றும் செய்யாது.

இந்தக் கிருமிக்கு ஆல்ஃபா ஹீமோலைசின் என்று இன்னொரு நஞ்சும் உண்டு. அது ஒரு புரதம். ஏழு மூலக்கூறுகள் வட்டமாகக் கைகோத்து நம் செல்லின் சவ்வில் ஓட்டை போடும், உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து செல் செத்துப்போகும்.

இதைத்தான் வெளிச்சத்தால் முடக்கலாம் என்கிறார்கள். பள்ளி ஆய்வகத்தில் கன்னத்துச் செல்லைப் பார்க்க ஒரு சொட்டு விடுவார்களே, மெத்திலீன் ப்ளூ, அந்த நீலச் சாயத்தின் மேல் சிவப்பு ஒளி பட்டால் அது ஆற்றலை வாங்கிப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கைமாற்றிவிடும். இப்படி உசுப்பிவிடப்பட்ட ஆக்சிஜனுக்கு சிங்லெட் ஆக்சிஜன் என்று பெயர். தண்ணீரில் அதன் ஆயுள் சில மைக்ரோ விநாடிகள்தான், ஆனால் அதற்குள் அருகில் இருக்கும் புரதத்தைக் கட்டியிருக்கும் அமினோ அமிலங்களில் ஹிஸ்டிடின், டிரிப்டோஃபான், மெத்தியோனின் என்று கிடைத்த இடத்தையெல்லாம் தாக்கிச் சிதைத்துவிடும். வடிவம் குலைந்த நஞ்சால் ஓட்டை போட முடியாது. 2009-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், மெத்திலீன் ப்ளூவோடு 665 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரைச் சேர்த்து இதே ஆல்ஃபா ஹீமோலைசினைச் செயலிழக்க வைத்தார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, இது ஒரே இடத்தைக் குறிவைப்பதில்லை என்பது. பூட்டை மாற்றிக்கொண்டு சாவியை ஏமாற்றுவதுபோல கிருமி தப்பிப்பது இங்கே கடினம். நம் மஞ்சளில் இருக்கும் குர்குமினும் நீல ஒளியில் இதே மாதிரி வேலை செய்யும் பொருள்தான்.

சரி, தடை எங்கே? வெளிச்சம் போய்ச் சேர வேண்டும். சிவப்பு ஒளியே சதைக்குள் சில மில்லிமீட்டரில் பெரும்பாலும் தேய்ந்துவிடும், அதனால் ரத்தத்தில் கலந்த நஞ்சை இப்படிப் பிடிப்பது கஷ்டம். புண், ஈறு, தீக்காயம் மாதிரி வெளிச்சம் நேரே படுகிற இடங்களில்தான் இதற்கு வாய்ப்பு அதிகம். பிரியாணிக்கு இது உதவாது, இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.