செயலிழந்த குடும்பமா, முறைகுலைந்த குடும்பமா?

உள்ளுக்குள் உறவுகள் கோளாறாகிப்போன வீட்டை ஆங்கிலத்தில் டிஸ்ஃபங்க்ஷனல் ஃபேமிலி என்பார்கள். அதற்குத் தமிழ் ‘செயலிழந்த குடும்பம்’ என்று இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யாரோ முடிவு கட்டிவிட்டார்கள். கோயில் மண்டபத்தில் பெற்றோர் கூட்டமா, தமிழ் வகுப்புத் துண்டறிக்கையா, எங்கே பார்த்தாலும் இதே சொல்.

‘டிஸ்’ கிரேக்க முன்னொட்டு; கெட்ட, கோளாறான என்று பொருள். ‘ஃபங்க்ஷன்’ லத்தீன், கடமையைச் செய்தல். டிஸென்டரியில் இருப்பதும் இதே டிஸ்தான். வயிற்றுக்கடுப்புக்காரரிடம் போய் குடல் செயலிழந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள்! அது ஓயாமல் வேலை செய்வதுதான் அவர் படும் பாடு.

சிறுநீரகம் செயலிழந்தால் நின்றுபோனது என்று அர்த்தம். குடிகார அப்பா இருக்கும் வீடு நின்றா போகிறது? சோறு வேகிறது, வெள்ளிக்கிழமை விளக்கு எரிகிறது, தைப்பூசத்துக்குக் காவடியும் எடுக்கிறார்கள். அதை ஓட்டுவது யார் என்பதுதான் கேள்வி. பத்து வயதுப் பெண் தம்பிக்குத் தலைவாரி, அம்மாவைத் தேற்றி, கடன்காரரிடம் ‘அப்பா இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். ராத்திரி கேட் திறக்கும் சத்தத்திலேயே அப்பா எவ்வளவு குடித்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஊர் ‘பொறுப்பான பிள்ளை’ என்று மெச்சும். பிள்ளை அம்மாவுக்கே அம்மாவாகிவிட்ட வீட்டில் எது செயலிழந்தது?

1998இல் அமெரிக்காவில் மருத்துவர்கள் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினர் வெளியிட்ட ஆய்வு வீட்டுக் கோளாறு என்று கணக்கில் எடுத்தது குடி அல்லது போதை, மனநோய், தாய் அடிபடுவது, வீட்டில் ஒருவர் சிறை சென்றது. பிள்ளையே பட்ட கொடுமைகளையும் இவற்றோடு சேர்த்து சிறுவயதில் நான்கு வகைக்குக் குறையாமல் பட்டவர்களுக்கு, எதுவுமே படாதவர்களைவிடக் குடிப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு.

‘உடைந்த குடும்பம்’ என்பாரும் உண்டு. கணவனை இழந்து நிம்மதியாகப் பிள்ளை வளர்க்கும் பெண் என்ன பாவம் செய்தாள்? ‘சீரழிந்த குடும்பம்’ வெறும் வசவு. அதைக் காதில் வாங்குவதும் அந்தப் பிள்ளைதான்.

நான் எழுதுவது ‘முறைகுலைந்த குடும்பம்’. முறை என்றால் ஒழுங்கு, உறவு இரண்டும்தான். யார் யாருக்கு என்ன முறை என்பது புரண்டுபோவதே இங்கே நோய். ‘முறைகெட்ட’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது சண்டைக்கு இழுக்கும். குலைந்ததைத் திரும்பக் கட்டலாம்.

குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த நிறவெறிக் காலத்துக் குழுப் பகுதிகள் சட்டம் 1960களில், நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகஸின் பாரக்ஸிலிருந்து நம்மவர்களை, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளியபோது குலைந்ததும் இந்த முறைதான். அப்பா கத்தினால் பிள்ளை ஓடிப்போய் ஒண்டிக்கொள்ள முன்பு ஆயா (பாட்டி) வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. பல குடும்பங்களுக்கு அது போயிற்று.

இதையெல்லாம் யோசிக்க மொழிபெயர்ப்பாளருக்கு நேரமேது? அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். சாட்ஸ்வொர்த் பிள்ளைகளைக் கெடுத்த ‘சுகர்ஸ்’ ஹெராயின் கலந்த போதைத்தூள் என்று இங்கே தெருவுக்கே தெரியும். நான் பார்த்த ஒரு துண்டறிக்கை அதையும் தமிழாக்கி, ‘உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா?’ என்று கேட்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஆயா உடனே, “எனக்கு இருக்கு, இருபது வருஷமா மாத்திரை போடுறேன்” என்றார்.