வீட்டுக்குப் பின்னால் இருப்பது புறம்போக்கு இல்லை: மாசசூசெட்ஸ் ஊர்களின் கன்சர்வேஷன் நிலத்தில் என்ன செய்யலாம்?

பாஸ்டனைச் சுற்றியுள்ள ஆக்டன், வெஸ்ட்ஃபோர்டு, லெக்சிங்டன் போன்ற ஊர்களில் வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். பின்பக்கப் புல்வெளி முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. வேலி கிடையாது, காவலாளி கிடையாது. ஏதோ ஒரு மரத்தில் மட்டும் ‘டவுன் கன்சர்வேஷன் லேண்ட்’ என்று சின்னத் தகடு. ஊரில் புறம்போக்கைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது கேட்பாரற்ற நிலமாகத்தான் தெரியும். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் தெரிந்தது.

உள்ளே போகலாமா? தாராளமாகப் போகலாம், பொதுவாகக் கட்டணமும் இல்லை. ஆனால் இது பூங்கா இல்லை. ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள பூங்காக்களை நடத்துவது வேறு துறை. கன்சர்வேஷன் நிலம் தண்ணீருக்காகவும் வனஉயிர்களுக்காகவும் ஒதுக்கப்பட்டது. அவற்றைத் தொந்தரவு செய்யாமல் நடக்கலாம், பறவை பார்க்கலாம், பனிக்காலத்தில் ஸ்கீ கட்டிக்கொண்டு போகலாம். இதைத் தாண்டி எதுவானாலும் முதலில் விதியைப் பார்க்க வேண்டும்.

விதி போடுவது யார்? 1957-ல் மாசசூசெட்ஸ் ஒரு சட்டம் இயற்றி, ஒவ்வொரு ஊரும் தனக்கென்று கன்சர்வேஷன் கமிஷன் வைத்துக்கொள்ள வழி செய்தது. 3 முதல் 7 பேர் வரை உறுப்பினர்கள், பதவிக்காலம் 3 ஆண்டு. தன் பொறுப்பில் உள்ள நிலத்துக்கும் நீர்நிலைக்கும் விதிகள் வகுக்கவும், மீறினால் 100 டாலர் வரை அபராதம் விதிக்கவும் அந்தச் சட்டம் கமிஷனுக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே விதிகள் ஊருக்கு ஊர் மாறும். ஒரே ஊருக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறுவதும் உண்டு. நிலம் எப்படி வந்தது என்பதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். ஒரு நிலத்தைத் தானமாகத் தந்த குடும்பம், இங்கே வேட்டை கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கலாம். இன்னொன்றை மாநில அரசின் மானியத்தோடு வாங்கியிருந்தால் அது எல்லோருக்கும் பொது. ‘எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்’ என்று பலகை வைக்க முடியாது. பக்கத்து ஊரில் குடியிருந்தாலும் தயங்காமல் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நேரம்: பெரும்பாலும் சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை. டிசம்பரில் நாலே கால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அலுவலகம் முடித்து வந்து நடக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கூடாரம் அடித்துத் தங்குவது, மது, தீ மூட்டுவது மூன்றும் பொதுவாகத் தடை. தீ விஷயத்தில் யாரும் சலுகை காட்ட மாட்டார்கள். 2024 இலையுதிர் காலத்து வறட்சியில் இந்த மாநிலத்தில் அடுத்தடுத்துப் புதர்த்தீ பற்றியது இன்னும் யாருக்கும் மறக்கவில்லை.

நாய்க்குக் கயிறு கட்ட வேண்டுமா என்பதற்கு மாநிலம் முழுமைக்குமான சட்டம் இல்லை, ஊர் விதிதான். காட்டில் அவிழ்த்துவிட அனுமதிக்கும் ஊர்கூட, மே முதல் ஜூலை வரை புல்வெளியில் கயிறு கட்டச் சொல்லலாம். பாபோலிங்க் போன்ற பறவைகள் அப்போது தரையில் கூடு கட்டியிருக்கும். நாயின் கழிவைப் பையில் எடுத்து, பையை ஒற்றையடிப் பாதை ஓரமாகவே விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு எடுக்காமலேயே இருந்திருக்கலாம்!

சைக்கிளைச் சில இடங்களில் விடுவார்கள். மின்சார சைக்கிள் வேறு கதை. 2022-ல் வந்த மாநிலச் சட்டப்படி, தார் போடாத இயற்கையான மண் பாதைகளில், அந்த இடத்தை நிர்வகிப்பவர் வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே அதை ஓட்டலாம். பலகையில் ஒன்றும் எழுதாவிட்டால் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது வேட்டை விஷயத்தில். ‘கன்சர்வேஷன்’ என்று பெயர் இருப்பதால் வேட்டையே இருக்காது என்று நினைத்துக்கொள்கிறோம். சில ஊர்கள் முழுக்கத் தடுத்திருக்கின்றன, சில ஊர்கள் வில் அம்புக்கு மட்டும் அனுமதிச் சீட்டு தருகின்றன, சில ஊர்களில் துப்பாக்கியும் உண்டு. ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 500 அடிக்குள்ளும், தார் சாலையிலிருந்து 150 அடிக்குள்ளும் சுடக் கூடாது என்பது மாநிலச் சட்டம். மான் வேட்டைக்கான துப்பாக்கிப் பருவம் தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை தொடங்கி 2 வாரம் நடக்கும். விருந்தினர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகலாமே என்று தோன்றுகிற அதே நாட்கள். அந்த நாட்களில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டையோ தொப்பியோ போட்டுக்கொண்டு போங்கள், குழந்தைக்கும் சேர்த்து.

நன்னீரில் மீன் பிடிக்க 15 வயதிலிருந்து மாநில உரிமச் சீட்டு வேண்டும். 15 முதல் 17 வரை அது இலவசம். குளத்தில் குளிப்பதைப் பல ஊர்கள் அனுமதிப்பதில்லை. அப்புறம், பூஜைப் பூவையோ விநாயகர் சிலையையோ அங்கே கொண்டுபோய் விட வேண்டாம். ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தை ஊரில் அமல்படுத்துவதும் இதே கமிஷன்தான். காளான், பூ, விறகு எதையும் எடுத்து வராமல் இருப்பது நல்லது. பிறந்தநாளுக்கு 40 பேரைக் கூட்டிப்போவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

நிலத்தை ஒட்டி வீடு உள்ளவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உதிர்ந்த இலையை வாரி எல்லைக்கு அந்தப் பக்கம் கொட்டுவது, வெளிச்சம் வரட்டும் என்று இரண்டு மரத்தை வெட்டுவது, கருவிக் கொட்டகையை நாலடி தள்ளிப் போடுவது எல்லாமே ஆக்கிரமிப்பு. அடுத்தவர் நிலத்தில் அனுமதியின்றி மரம் வெட்டினால் இழப்பீடு மூன்று மடங்கு. இருபது வருடம் அனுபவித்துவிட்டோம், இனி எங்களுடையது என்கிற வாதமும் ஊரின் கன்சர்வேஷன் நிலத்தில் செல்லாது. சொந்த மனையிலேயே வெட்டினாலும், ஈரநிலத்திலிருந்து 100 அடிக்குள் என்றால் முதலில் கமிஷனைக் கேட்க வேண்டியிருக்கும். எல்லை எங்கே என்று தெரியாவிட்டால் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.

ஊருக்குப் பணமுடை வந்தால் இந்த நிலத்தை விற்றுவிடுவார்களோ என்று கேட்பவர்கள் உண்டு. அது சுலபமில்லை. 1972-ல் மாநில அரசியலமைப்பில் சேர்ந்த 97-ஆம் திருத்தத்தின்படி, இத்தகைய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ விற்கவோ மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

இலவசமாகத் திறந்துவிட்ட நிலத்தில் நீங்கள் வேரில் தடுக்கி விழுந்தால், வேண்டுமென்றோ படுமோசமான அலட்சியத்தாலோ நடந்தது என்றால் ஒழிய நில உரிமையாளர் பொறுப்பாக மாட்டார். உண்ணியும் அப்படித்தான், உங்கள் பாடு. லைம் நோயைப் பரப்பும் சின்ன உண்ணி மே முதல் ஜூலை வரை எள்ளைவிடச் சிறியதாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பையும் காதுக்குப் பின்புறத்தையும் பாருங்கள்.

உங்கள் ஊரின் விதிகளும் பாதை வரைபடமும் டவுன் ஹால் இணையதளத்தில் கன்சர்வேஷன் பிரிவின் கீழ் இருக்கும். கிடைக்காவிட்டால் அங்கே வேலை செய்யும் கன்சர்வேஷன் அலுவலரை அழைத்துக் கேளுங்கள். கமிஷன் கூட்டங்களும் பொதுக்கூட்டங்கள்தான், யாரும் போய் உட்காரலாம்.