வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னது என் தவறு

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறைதான் என் வேலையிடம். கண் பரிசோதனை என் தொழில். சில மாதங்களுக்கு முன் அங்கே வந்த ஓர் அக்காவிடம் தவறான யோசனை ஒன்றைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

“தம்பி, லைன் ரெனியூ பண்ணி புது போன் எடுத்தேன். ராத்திரி அரை மணி நேரம் பார்த்தாப் போதும், புருவத்துக்குப் பின்னாடி இழுக்குது. பெனடால் போட்டாத்தான் தூக்கமே வருது.”

கண்ணாடியின் பவர் சரியாக இருந்தது. கண் அழுத்தம், கண்ணீரின் அளவு, இரு கண்களும் சேர்ந்து வேலை செய்யும் விதம் என எல்லாவற்றையும் பார்த்தேன். எதிலும் குறையில்லை. வழக்கமாக எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்: “படுக்கும் நேரத்தில் திரை வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள் அக்கா.”

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். “நீங்க சொன்ன மாதிரியே குறைச்சேன். வலி கூடிப்போச்சு.” எழுந்து போகும்போது போகிற போக்கில், “மகனோட பழைய போன்ல பார்த்தா ஒண்ணும் பண்ணல” என்றார். அவரை மறுபடி உட்காரச் சொன்னேன்.

மகனும் கூடவே வந்திருந்தான். அவன் கையில் இருந்தது ஐபோன் 11, பின்னால் விளக்கு எரியும் எல்சிடி திரை. அக்காவுடையது ஓஎல்இடி, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை. இரண்டிலும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் கால்வாசிக்கு இறக்கி, அறை விளக்கை அணைத்தேன். கண்ணாடி ஸ்க்ரூ முடுக்கும் ஒல்லியான ஸ்க்ரூடிரைவரைத் திரைக்கு முன்னால் வேகமாக இப்படியும் அப்படியும் வீசினேன். பழைய போனுக்கு முன் அது ஒரே கலங்கலாகத் தெரிந்தது. புதுப் போனுக்கு முன் தனித்தனிக் குச்சிகளாக விசிறி போல விரிந்தது. “ஐயோ, முருகன் கை மாதிரி பன்னிரண்டு தெரியுதே!” என்றார் அக்கா.

விஷயம் இதுதான். பல ஓஎல்இடி திரைகள் மங்கலாகத் தெரிவது ஒளி உண்மையிலேயே மங்குவதால் அல்ல. நொடிக்கு 240 தடவை, சில போன்களில் 480 தடவை, திரை அணைந்து அணைந்து எரிகிறது. அணைந்திருக்கும் நேரம் கூடக் கூட நமக்கு வெளிச்சம் குறைவாகத் தெரியும். ஆக, வெளிச்சத்தை இறக்க இறக்க இருட்டு இடைவெளிதான் நீள்கிறது. நான் சொன்ன யோசனை அக்காவை அங்கேதான் கொண்டுபோய்த் தள்ளியது.

இந்த வேகத்தில் அணைந்து எரிவதை நேராகப் பார்த்தால் தெரியாது. ஆனால் படிக்கும்போது கண் ஒரே இடத்தில் நிற்பதில்லை, சொல்லுக்குச் சொல் தாவுகிறது. அந்தத் தாவலில்தான் விட்டுவிட்டு வரும் ஒளி, ஸ்க்ரூடிரைவர் காட்டியதுபோல, விழித்திரையில் துண்டு துண்டாகப் பதிகிறது. எல்லோருக்கும் இது தொல்லை தருவதில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள்தான் அதிகம் முறையிடுகிறார்கள்.

இது போனோடு பிறந்த பிரச்சினையும் அல்ல. பழைய சோக் வைத்த டியூப் லைட்டுகள், நம் ஊர்போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் இடங்களில், நொடிக்கு 100 தடவை துடித்தன. 1989-இல் உளவியலாளர் ஆர்னால்ட் வில்கின்ஸும் சக ஆய்வாளர்களும் பிரிட்டனில் ஓர் அலுவலகத்தில் அவற்றுக்குப் பதிலாக நொடிக்குச் சுமார் 32,000 தடவை இயங்கும் விளக்குகளை வைத்துப் பார்த்தார்கள். எந்த விளக்கு எப்போது எரிகிறது என்பது ஊழியர்களுக்குத் தெரியாது. தலைவலியும் கண் சோர்வும் சராசரியில் பாதிக்கும் கீழே இறங்கின.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள், சாத்தே இறைச்சி கோக்கும் ஒல்லிக் குச்சி ஒன்று போதும். குச்சிகள் பிரிந்து தெரிந்தால், திரை வெளிச்சத்தைப் பாதிக்கு மேலே ஏற்றி, அறையில் ஒரு விளக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். தானாக வெளிச்சத்தை மாற்றும் வசதியை அணைத்துவிடுங்கள், இருட்டறையில் அது சத்தமில்லாமல் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். திரை கூசினால், ஐபோனில் ‘ரெட்யூஸ் ஒயிட் பாயின்ட்’ என்ற அமைப்பு உண்டு. வெளிச்ச அளவை மேலேயே விட்டுவிட்டு வெண்மையை மட்டும் தணிக்கும். ஐபோன் 17 வரிசையில் இந்தத் துடிப்பையே அடக்க ஒரு தனி அமைப்பு வந்திருக்கிறது. புதுப் போன் வாங்குவதாக இருந்தால், திரை நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று, 2,160, 3,840 என விளம்பரத்தில் வரும் எண்ணைப் பாருங்கள். எண் பெரிதாக இருப்பது நல்லது. ஆனாலும் கடையிலேயே வெளிச்சத்தை இறக்கி ஐந்து நிமிடம் படித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நீல ஒளிக் கண்ணாடி இதற்கு உதவாது. அது நிறத்தைத்தான் வடிகட்டும், துடிப்பை அல்ல. திரைச் சோர்வுக்கே அதனால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பின் முடிவும். (எங்கள் கடையிலும் அதை விற்கிறோம். முதலாளி இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.)

ஒன்றை மறந்துவிட வேண்டாம். என்னிடம் தலைவலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் பவர் மாற்றம், கண் வறட்சி, நாற்பது வயதின் வெள்ளெழுத்து இவைதான். அதனால் முதலில் கண்ணைச் சோதியுங்கள், குச்சி அப்புறம். திடீரென்று கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் போனைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அது கண் அழுத்தம் திடீரென ஏறியதாக இருக்கலாம். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அக்காவின் பிரச்சினைக்கு அன்று என் அறையிலேயே ஒரு வழி பிறந்தது. மகன், “அம்மா, எனக்கு ஒண்ணும் பண்ணல, மாத்திக்கலாமா?” என்றான். முகத்தில் அவ்வளவு அக்கறை. சிம் கார்டை மாற்றிக்கொடுத்தது நான்தான், ஊசி என்னிடம்தானே இருந்தது.