வளர்வீத வரி: வீதம்தான் வளர்கிறது

‘புரோகிரசிவ் டாக்ஸ்’ என்பதைச் சிலர் ‘முற்போக்கு வரி’ என்று எழுதுகிறார்கள். படித்தால் ஏதோ ஒரு கட்சியின் கொள்கை போலத் தோன்றும். கூடுதலாகச் சம்பாதிப்பவரிடம் கூடுதல் வீதத்தில் வாங்குவது முற்போக்கா இல்லையா என்பது தனி விவாதம். இந்தச் சொல் அந்த வம்புக்கே போகவில்லை.

லத்தீனில் ‘கிராடி’ என்றால் அடி எடுத்து வைப்பது. ‘புரோ’ என்றால் முன்னே. இந்த வேரில் பிறந்த ‘புரோகிரஷன்’, கணக்குப் பாடத்தில் 2, 4, 6, 8 எனப் போகும் வரிசையைக் குறிக்கும். தமிழ்நாட்டில் அது கூட்டுத் தொடர்வரிசை, இலங்கையில் கூட்டல் விருத்தி. வரியின் பெயரிலும் இருப்பது இந்தப் படியேற்றம்தான். ஆகவே தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள ‘வளர்வீத வரி’ சரியான சொல். அதில் ‘வீதம்’ முக்கியம். எல்லோருக்கும் ஒரே 10% என்றாலும் பணக்காரர் கட்டும் தொகை கூடத்தான் செய்யும். அது விகிதாச்சார வரி. வீதமே ஏறினால்தான் வளர்வீதம். இதற்கு எதிர்ப்பதம் தேய்வுவீத வரி. ‘பிற்போக்கு வரி’ என்று எழுதிப் பார்த்தால் தமிழாக்கத்தின் கோளாறு தெரிந்துவிடும்.

இந்தியாவில் 1860இல் ஆங்கிலேய ஆட்சியின் நிதிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தபோதே இரண்டு படிகள் இருந்தன: ஆண்டுக்கு 200 முதல் 500 ரூபாய் வரை 2%, அதற்கு மேல் 4%. பிரிட்டனில் 1909இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ், முதியோர் ஓய்வூதியத்துக்கும் போர்க்கப்பல்களுக்கும் பணம் தேடி, பெரும் வருமானக்காரர்கள் மீது ‘சூப்பர் டாக்ஸ்’ போட்டார். பிரபுக்கள் சபை அந்த பட்ஜெட்டையே நிராகரித்தது. இந்தியாவில் உச்ச வீதம் 1973-74இல் 97.75% வரை ஏறியது. அவ்வளவு வீதத்தில் உண்மையான வருமானத்தைக் காட்டுபவர் குறைவாகத்தான் இருப்பார்கள்.

‘30% ஸ்லாபுக்குள் (வருமானப் படிக்குள்) போய்விட்டால் மொத்தச் சம்பளத்திலும் 30% போய்விடும்’ என்று பயப்படுபவர்கள் இன்றும் உண்டு. அப்படி இல்லை. 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 25 லட்சம் என்றால், 24 லட்சத்துக்கு மேற்பட்ட அந்த ஒரு லட்சத்துக்கு மட்டும்தான் 30%. மொத்த வரி 3.30 லட்சம்; அதாவது வருமானத்தில் 13.2%. குறிப்பிட்ட தேவைக்கென்று வரியின் மீது கூடுதலாக வாங்கும் ‘செஸ்’ தனி.

வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் அப்புறம் வருவது ‘சர்சார்ஜ்’, தமிழில் மேல்வரி. இது வருமானத்தின் மீது அல்ல, வரியின் மீது போடும் வரி. அதே புதிய முறையில் 10%, ஒரு கோடிக்கு மேல் 15%, இரண்டு கோடிக்கு மேல் 25%. எல்லையைக் கொஞ்சம் தாண்டியவர் ஒரேயடியாக அடிபடாமல் இருக்க விளிம்பு நிவாரணமும் உண்டு.

மேல்வரிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. வருமான வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. மேல்வரியும் செஸ்ஸும் அந்தப் பங்கீட்டுக்குள் வராது. அரசமைப்புச் சட்டத்தின் 270, 271ஆம் பிரிவுகள் அப்படி வைத்திருக்கின்றன. அதனால் உச்சப் படிகளில் மேல்வரி வழியாக வாங்கும் பணம் முழுக்க ஒன்றிய அரசுக்கே போகிறது. ஆனால் அரசுப் பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆகும் செலவில் பெரும்பகுதி மாநிலங்களுடையது.