ஐப்பசி வந்தால் பலகை ஏன் பருக்கிறது?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது மாடி அறையின் கான்கிரீட் தளத்துக்கு அடியில் தேக்குப் பலகையில் சீலிங் அடித்திருக்கிறார். வேலை நடந்தது சித்திரையில். இடைவெளியே தெரியாமல் ஆசாரி நெருக்கி அடித்துக் கொடுக்க, பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டியிருக்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரம், அறையின் நடுவில் நாலைந்து பலகைகள் கீழ்நோக்கிப் புடைத்துவிட்டன. ராத்திரியில் 'டக், டக்' என்று சத்தம் வேறு. "வளர்பிறையில் வெட்டிய மரமாக இருக்கும், பரிகாரம் செய்" என்கிறார் அம்மா. "ஆசாரி ஈர மரத்தைத் தலையில் கட்டிவிட்டார்" என்கிறார் மைத்துனர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது கேள்வி.

மரத்தில் குற்றமில்லை. ஈர மரமாக இருந்தால் காயக் காயச் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும். இங்கே நடந்தது நேர் எதிர். நன்றாகக் காய்ந்த மரத்தை, வறண்ட மாதத்தில், இடமே விடாமல் அடித்ததுதான் காரணம்.

வெட்டி ஐம்பது வருடம் ஆன மரம்கூடக் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாகவே நீடித்தால், மரத்துக்குள் அதன் உலர் எடையில் ஏழெட்டு சதவீதம் தண்ணீர் இருக்கும். ஈரப்பதம் 80 ஆனால் அது 15, 16 சதவீதத்துக்கு ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை எந்த ஆசாரியாலும் நிறுத்த முடியாது.

உள்ளே போகும் தண்ணீர் எங்கே உட்காருகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மரத்தின் செல்கள் நீளமான, மெல்லிய குழாய்கள். அந்தக் குழாயின் சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தால், செல்லுலோஸ் இழைகள் கட்டுக்கட்டாக, பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கிலேயே ஓடுவது தெரியும். ஒரு முருங்கைக்காய்க் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காய்களுக்கு நடுவே விரலை நுழைத்தால் கட்டு பருக்கும், நீளம் கூடாது. தண்ணீர் மூலக்கூறும் அதைத்தான் செய்கிறது. செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகள் தண்ணீரை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு இழைகளுக்கு நடுவே இடம் கேட்டு நுழைய, இழைகள் விலகிக் கொடுக்கின்றன. சுவர் தடிக்கிறது, மரம் அகலத்தில் பருக்கிறது. நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே நடப்பதில்லை.

அகலத்திலும் இரண்டு கணக்கு உண்டு. பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது, ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதம்தான். அந்தத் திசையில் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல ஓடும் கதிர்ச் செல்கள் இழுத்துப் பிடிப்பது இதற்கு ஒரு காரணம். அறுத்த பலகை ஒரு பக்கமாகக் குழிவது இந்த வித்தியாசத்தால்தான். இத்தனைக்கும் தேக்கு சாதுவான மரம். பைன் இதைவிட அதிகம் ஆடும்.

இப்போது மதுரை வீட்டுக்கு வருவோம். நாலு அங்குல அகலப் பலகை ஒன்றில் ஈரம் எட்டு சதவீதப் புள்ளிகள் ஏறினால், வளையப் போக்கில் அது ஒன்றரை மில்லிமீட்டர் பருக்கும். ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் கனம். அற்பம்தான். ஆனால் 12 அடி அறைக்கு 36 பலகைகள் வேண்டும். முழு ஈரமும் ஏறினால், எல்லாம் சேர்ந்து கேட்கும் இடம் இரண்டு அங்குலத்துக்கு மேல்! சுவர் நகராது. பலகைகள் கீழ்நோக்கித்தான் வந்தாக வேண்டும்.

நம் பழைய தேக்குக் கதவுகளைச் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அடுத்த முறை ஒரு கதவைக் கிட்டத்தில் பாருங்கள். நடுப்பலகை சட்டத்தின் காடிக்குள், அதாவது நீளமாக வெட்டிய பள்ளத்துக்குள், சும்மா செருகியிருக்கும். பசையும் இருக்காது, ஆணியும் இருக்காது. மழையில் பருத்தால் காடிக்குள் போகும், வெயிலில் சுருங்கினால் வெளியே வரும். சீலிங் பலகையின் ஒரு விளிம்பில் துருத்தி நிற்கும் நாக்கும், பக்கத்துப் பலகையின் நாக்கு செருக மறு விளிம்பில் காடியும் இழைப்பது இதே யோசனைதான். காடிக்குள் நாக்கை முட்ட அடித்துவிட்டால் அந்த யோசனையே வீண்.

அந்த ராத்திரிச் சத்தமும் இதே கதைதான். இறுகிய நாக்கு காடிக்குள் நகர முடியாமல் தேக்கிவைத்திருக்கும் விசை, திடீரென்று ஒரு நூலளவு வழுக்கி விடுபடுகிறது. பகலிலும் அப்படித்தான்; ராத்திரி அமைதியில் காதில் விழுகிறது. அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பரிகாரத்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு ஈரமானி வாங்கலாம் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தி மின்தடையை அளக்கும் சின்னக் கருவி அது. ஈரம் ஏறினால் தடை குறையும். மரத்துக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று நாட்டையே ஈரப்பதத்தின்படி நான்கு மண்டலங்களாகப் பிரித்து இந்தியத் தர நிர்ணயம் 287 சொல்கிறது. மர அறிவியலுக்கென்றே பெங்களூருவில் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. இத்தனை அறிவும் பட்டறை வாசல் வரை வந்து சேர வேண்டாமா? ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, ஆசாரிகளுக்குத் தமிழில் பயிற்சி கொடுக்கப் போக வேண்டும்.

சரி, எப்படி அடிக்க வேண்டும்? பலகைகளை அதே அறையில், நடுவே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி இரண்டு வாரம் விடுங்கள். ஈரமானி இல்லையென்றால், ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நிறுங்கள். எடை மாறாமல் நின்றால் மரம் அறைக்குப் பழகிவிட்டது. தளத்தில் ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டத்தை இரண்டடிக்கு ஒன்றாக முடுக்கி, ஆணியை நாக்கின் வழியே ஒரு விளிம்பில் மட்டும் அடிக்க வேண்டும். வறண்ட மாதமென்றால் பலகைக்குப் பலகை ஒரு நாணய இடைவெளி. மழை மாதமென்றால் நெருக்கியே அடிக்கலாம். எப்படியானாலும் சுவரோரம் அரை அங்குலம் விடுங்கள். மின்விசிறியின் பாரம் தளத்துக் கொக்கியில்தான், பலகையில் அல்ல.

பாலிஷ் விஷயத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பாலிஷ் போட்டால் ஈரம் ஏறாது என்பது தவறு. மெதுவாக ஏறும், அவ்வளவுதான். கீழ்ப்பக்கம் மட்டும் பூசினால், தளத்தைப் பார்த்த மேல்பக்கம் முந்திக்கொண்டு ஈரம் குடித்துப் பருக்கும். பலகை கவிழ்த்த ஓடு போல வளையும். அதனால் 120, 180, 220 எண் என்று படிப்படியாக நைசான உப்புத்தாளை ரேகையின் போக்கிலேயே தேய்த்து, இரண்டு பக்கமும் நாக்கும் சேர்த்து, அடிப்பதற்கு முன்பே பூசிவிடுங்கள். அடித்த பிறகு பூசிய சீலிங்கைப் பங்குனியில் அண்ணாந்து பாருங்கள். பலகைகள் சுருங்கி விலகிய ஒவ்வொரு சந்திலும், பாலிஷ் படாத நாக்கு வெளிறிய கோடாக எட்டிப் பார்க்கும்.

மதுரை வாசகருக்கு: புடைத்த பலகைகளை இப்போது இழைக்க வேண்டாம். தலையில் விழுந்துவிடாதபடி தொங்குவதை மட்டும் கழற்றி வையுங்கள். மாசி கடைசியில் சுவரோரம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகையைக் கழற்றி, அரை அங்குலம் அகலம் குறைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். நடுப்பலகைகளை இந்த முறை நாணயம் வைத்து அடிக்கட்டும். அதற்கேற்பக் கடைசிப் பலகையில் இன்னும் குறைக்க வேண்டி வரும். சுவரோர இடைவெளியை மறைக்கும் பீடிங்கின் ஆணி சுவரில் இறங்க வேண்டும், பலகையில் அல்ல.