திரையில் 70 என்று வந்தால்

ஜனவரியில் அமெரிக்காவில் உள்ள எங்கள் பார்மசி கவுண்டரில் கூட்டம் அலைமோதும். புது வருடம், புது இன்சூரன்ஸ் கார்டு, புதுக் குழப்பம். அப்படி ஒரு ஜனவரியில்தான் அந்தத் தமிழ்ப்பெண் வந்தார். இரண்டு வருடமாக ஒரே கருத்தடை மாத்திரையைக் காசு கட்டாமல் வாங்கிப் போனவர். கார்டு விவரங்களை ஏற்றியதும் திரையில் 70 என்று வந்தது. இந்தத் திட்டத்தில் இந்த மருந்துக்கே இடமில்லை என்பதற்கான நிராகரிப்பு எண் அது.

“போன மாசம் வரைக்கும் வந்துச்சேக்கா?” என்றார். டிசம்பரில் வேலை மாறியிருந்தார். புது முதலாளி ஒரு மத அமைப்பு, நம்பிக்கையைக் காரணம் காட்டிக் கருத்தடைக்குப் பணம் தராதது. கையிலிருந்து கட்டுவதென்றால் 160 டாலர். அதைவிட மலிவான மாத்திரைகள் உண்டுதான். ஆனால் நான்கு வகை மாற்றிப் பார்த்த பிறகுதான் அவருக்கு இது ஒத்துக்கொண்டது. அவர் இதைச் சாப்பிட்டதும் கருத்தடைக்காக இல்லை, எண்டோமெட்ரியோசிஸ் வலிக்காக; கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய் அது. வரிசையில் நிற்பவர்கள் காதில் விழாதபடி, குரலைத் தாழ்த்தி இதையெல்லாம் என்னிடம் சொன்னார். மருந்து வாங்க வந்த ஒரு பெண் தன் கருப்பையைப் பற்றி இப்படி விளக்கம் சொல்லி நிற்க வேண்டியிருப்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கருத்தடைக்கு இன்சூரன்ஸ் பணம் தர வேண்டுமா என்ற இந்தச் சண்டை அமெரிக்காவில் எங்களைப் போன்றவர்களின் கவுண்டரிலிருந்தும் கிளம்பியிருக்கிறது. ஜெனிஃபர் எரிக்சன் என்பவர் பார்ட்டெல் டிரக் கம்பெனியில் மருந்தாளர். மற்ற பெரும்பாலான மருந்துகளுக்குப் பணம் தந்த கம்பெனி இன்சூரன்ஸ், கருத்தடை மாத்திரைக்குத் தரவில்லை. அவர் வழக்குப் போட்டார். பெண்களுக்கு மட்டுமே தேவைப்படும் மருந்தை இப்படி ஒதுக்குவது பாலினப் பாகுபாடு என்று 2001 ஜூனில் சியாட்டில் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மருந்தை எடுத்துக் கொடுக்கும் கையே வழக்கும் போட்டது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

2010-இல் வந்த ஒபாமா அரசின் மருத்துவச் சட்டம் இதை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. 2012 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான திட்டங்கள் கோ-பே, டிடக்டிபிள் என்று நம் கையிலிருந்து எதுவும் வாங்காமல் கருத்தடை முறைகளுக்குப் பணம் தர வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே அரசியல் பற்றிக்கொண்டது. அந்த வருடம் பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தபோது முதல் குழுவாகச் சாட்சி சொல்ல உட்கார்ந்திருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். ஜார்ஜ்டவுன் சட்ட மாணவி சாண்ட்ரா ஃப்ளூக்குக்கு அங்கே பேச அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் நடத்திய வேறொரு கூட்டத்தில், சினைப்பை நீர்க்கட்டிக்காக மாத்திரை தேவைப்பட்ட தன் தோழியைப் பற்றிச் சொன்னார். கருத்தடைக்குத்தான் கேட்கிறார் என்று சந்தேகப்பட்டு இன்சூரன்ஸ் திரும்பத் திரும்ப மறுத்தது. மாத்திரையை நிறுத்திய அந்தப் பெண் கடைசியில் ஒரு சினைப்பையையே இழந்தார். இதைச் சொன்னதற்காக ஃப்ளூக் வானொலியில் கேவலமாக ஏசப்பட்டார்.

அப்புறம் ஹாபி லாபி. கைவினைப் பொருள் விற்கும் பெரிய கடைச் சங்கிலி. அதன் உரிமையாளர்கள் 20 முறைகளில் நான்கை மட்டும் எதிர்த்தார்கள்: இரண்டு அவசரக் கருத்தடை மாத்திரைகள், கருப்பைக்குள் வைக்கும் ஐ.யு.டி. என்ற கருத்தடைச் சாதனத்தில் இரண்டு வகை. கருவுற்ற முட்டை கருப்பையில் ஒட்டாமல் இவை தடுக்கலாம், அது கருக்கலைப்புக்குச் சமம் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய் வேஷம் என்று நான் நினைக்கவில்லை. 2014 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்த்தது. குறைந்தபட்சக் கூலி வாங்கும் பெண்ணுக்கு ஒரு ஐ.யு.டி.யின் செலவு கிட்டத்தட்ட ஒரு மாத முழுநேரச் சம்பளம் என்று நீதிபதி கின்ஸ்பர்க் மாற்றுத் தீர்ப்பில் எழுதினார். 2022 டிசம்பரில், அந்த அவசர மாத்திரைகளில் ஒன்றான பிளான் பி முட்டை ஒட்டுவதைத் தடுப்பதில்லை என்று, மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அதன் விவரக்குறிப்பையே திருத்தியது. வழக்கு முடிந்து எட்டு வருடம் கழித்து!

கருத்தடைக்குப் பணம் தராமலிருக்க முதலாளிகளுக்குக் கிடைத்த விலக்கை டிரம்ப் அரசு 2017-இல் மத நம்பிக்கையோடு அறநெறிக் காரணத்தையும் சேர்த்து அகலப்படுத்தியது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு 7-2 என இடம் கொடுத்தது.

இன்சூரன்ஸ் என்பது முதலாளி போடும் தானம் இல்லை, உழைத்ததற்கான சம்பளத்தில் ஒரு பங்கு. சம்பளப் பணத்தில் ஒருவர் என்ன வாங்குகிறார் என்று முதலாளி கேட்பதில்லை. மாத்திரைக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்? அவர் நம்பிக்கை அவருக்கு, வலி அந்தப் பெண்ணுக்கு.

சரி, கவுண்டரில் “இல்லை” என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? முதலில் நிராகரிப்பு எண்ணைக் கேளுங்கள். 75 என்றால் முன் அனுமதி வேண்டும், டாக்டர் அலுவலகம் கேட்டு வாங்கலாம். 79 என்றால் சீக்கிரம் வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். 70 வந்தால் ஹெச்.ஆரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் நிறுவனம் விலக்குப் பெற்றதா, மருத்துவச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி இல்லாமல் நிறுவனமே தன் பணத்தில் ஏற்கிறதா. நிறுவனமே பணம் போடும் திட்டங்களைப் பொதுவாக 1974-ஆம் ஆண்டின் எரிசா என்ற ஃபெடரல் சட்டம் ஆள்வதால், கருத்தடைக்குப் பணம் தரச் சொல்லும் உங்கள் மாநிலச் சட்டம் அங்கே செல்லாது. நம் ஆட்கள் பலர் வேலை பார்க்கும் பெரிய கம்பெனிகளின் திட்டங்கள் பெரும்பாலும் இந்த வகை. விலக்குப் பெறாத திட்டமாக இருந்து, குறிப்பிட்ட மருந்து பட்டியலில் இல்லை என்று மட்டும் மறுத்தால், உங்களுக்கு அதுதான் தேவை என்று டாக்டர் எழுதித் தரலாம். அதை அவர்கள் ஏற்றாக வேண்டும். எதுவும் நடக்காவிட்டால், டைட்டில் டென் என்ற அரசின் குடும்பக் கட்டுப்பாட்டு நிதி பெறும் மருத்துவ மையங்களில் வருமானத்துக்கு ஏற்றபடிதான் கட்டணம். 2024 முதல் ஓபில் என்ற மாத்திரை மருந்துச்சீட்டே இல்லாமல் மாதம் சுமார் 20 டாலருக்குக் கிடைக்கிறது. ஆனால் எல்லாருடைய உடம்புக்கும் அது சரிவராது, மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பெண்ணின் டாக்டர் நோயின் பெயரைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினார். மருத்துவக் காரணம் என்றால் அந்தத் திட்டம் பணம் தரும் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து ஒப்புதல் வந்தது. மருந்தை வாங்க அவர் கணவர் வந்தார். வலியில் அந்தப் பெண்ணால் காரோட்ட முடியவில்லை.